கொள்ளிடக் கரை மீனவர் தெருவில் ஓர் அறை அருங்காட்சியகம்

அப்பாவின் முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பெரம்பலூரிலிருந்து தனியாகக் கிளம்பினேன். கொள்ளிடக் கரை மீனவர்கள் தங்கள் தெருவிலேயே ஒரு சின்ன அருங்காட்சியகம் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். போனதற்கு அது மட்டும் காரணமில்லை. பதினாறு வருடங்களுக்கு முன் நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தபோது அங்கே குளிக்க இறங்கிய என் அண்ணன் சரவணன் மூழ்கிப்போனான். வயது பத்தொன்பது. மறுநாள் அவனைக் கரைசேர்த்த மீனவரை, தேடி எடுக்கத் தாமதித்தார் என்று சொல்லி அப்பா எல்லோர் முன்பும் அறைந்துவிட்டார். "அந்த ஆள அடிச்சிருக்கக் கூடாதும்மா" என்று கடைசியில் ஆஸ்பத்திரியில் இரண்டு முறை சொன்னார்.

காலை 7.10 பஸ்ஸில் அரியலூர், ஒரு மணி நேரம். அங்கிருந்து தஞ்சாவூர் பஸ்ஸில் திருமானூர், முக்கால் மணி நேரம். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் மாட்டினால் இன்னும் கால் மணி சேரும். பிறகு ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், நூற்றியிருபது ரூபாய். "மியூசியம் பூட்டியிருந்தா கலியபெருமாள் வூட்டுல கேளுங்க, சாவி அவருகிட்டதான்" என்றார் ஆட்டோக்காரர்.

பூட்டித்தான் இருந்தது. கலியபெருமாளுக்கு அறுபது வயதிருக்கும். சட்டையை மாட்டிக்கொண்டே வந்து திறந்தார். ஒரே அறை. வீச்சு வலைகள், ஓட்டைப் பரிசல், வெள்ளம் வந்த வருடங்களின் படங்கள். சுவரில் நான்கு முனைக் கொக்கி ஒன்று கயிற்றோடு தொங்கியது. கீழே அட்டையில் 'ஆள் தேடும் கொக்கி' என்று எழுதியிருந்தது.

"முழுகுனவங்கள யாருங்க எடுப்பாங்க?" என்றேன்.

"நான்தாங்க. இந்தத் தெருவுல ஆழத்துக்கு முங்குறது நான் ஒருத்தன்தான்."

அண்ணனைப் பற்றியும், அப்பா அடித்ததைப் பற்றியும், மன்னிப்புக் கேட்க வந்திருப்பதையும் சொன்னேன்.

"நெனப்பு வரலைங்க. அடிச்சிருப்பாங்க. பெத்தவங்களுக்கு ஆத்த அடிக்க முடியாது. எடுத்துக் குடுக்குற ஆளுதான் கிட்டக்க நிக்கிறான்."

அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அப்பா அத்தனை வருடம் சுமந்த ஒன்றை நான் எங்கே இறக்கிவைப்பது? கொக்கியைக் காட்டி, "இதாலதான் எடுத்தீங்களா?" என்றேன்.

"சின்ன வயசுப் பசங்களுக்கு இதப் போட மாட்டேங்க. காயமாவும். எத்தன தடவையானாலும் முங்கி, கையாலதான் தடவி எடுப்பேன். அதுக்குத்தான் நேரமாவும்."

அண்ணனைக் குளிப்பாட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. அதை அவரிடம் சொன்னேன்.

"அப்ப முங்கித்தான் எடுத்திருப்பேன்" என்றார். தலையைக் குனிந்துகொண்டார்.

நான் அழுதேன். அப்பா இதைத் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டார்.

போகிறவர்களுக்கு: கட்டணம் இல்லை. கடைகள் இல்லை, தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். திரும்புவதற்கு ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிடுங்கள். கரையிலிருந்து பார்த்தால் ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர்தான் தெரியும். அடியில் இருக்கும் பள்ளங்கள் தெரியாது. இறங்கும் முன் அந்தத் தெருவில் யாரையாவது கேளுங்கள். அன்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை.