இகுட்சு என்று கேட்ட அம்மாள்

கராச்சர்மாவில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இந்தத் தீவிலேயே பிறந்த தமிழர். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரர்கள் இங்கே வந்து உட்கார்ந்தபோது அவர் சிறுமி. அவர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் பத்து வரை எண்ணவும், ‘இகுட்சு’ என்று கேட்கவும் கற்றுக்கொண்டாராம். எத்தனை என்பதற்கும் அந்த வார்த்தைதான், என்ன வயது என்பதற்கும் அதுதான். பிறகு ஒருநாள் அவருடைய அப்பாவை விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். அப்பா திரும்பவில்லை. அன்றோடு அந்தப் பாஷையை விட்டுவிட்டதாக அக்கா என்னிடம் சொல்லியிருந்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், சண்டையில் செத்துப்போன தங்கள் பிள்ளைகளுக்காகக் கும்பிட ஜப்பானிலிருந்து சிலர் வந்தார்கள். அவர்களுடைய ஜீப் சூடாகி எங்கள் தெருவில் நின்றுவிட்டது. டிரைவர் தண்ணீருக்குப் போனதும், வயதான அம்மாள் ஒருவர் இறங்கி வந்து, என் இடுப்பிலிருந்த மகளைப் பார்த்து, “இகுட்சு?” என்றார்.

அக்கா முகம் இறுகிவிட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திவிடுவாரோ என்று எனக்குப் பயம். அந்தப் பயத்திலும் என் புத்தி என்னை விடவில்லை.

“சரியான வயசச் சொல்லிடாதீங்கக்கா, கண்ணு பட்டுடும்” என்று காதில் முணுமுணுத்தேன்.

“சும்மா இரு. பச்சாவோட வயசக் கேக்குது, அதுக்குப் போயி” என்று அதட்டிவிட்டு, “ஃபுதாட்சு” என்றார் அக்கா. இரண்டு. எனக்குக் கோபம் வந்தது. சாயங்காலம் மிளகாய் சுற்றிப்போட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

தன் பாஷையைக் கேட்டதும் அந்த அம்மாள் பையைத் திறந்து ஒரு போட்டோவை நீட்டினார். பட்டாள உடுப்பில் ஒரு பையன், மீசைகூட முளைக்கவில்லை. அக்கா கிழித்துப் போட்டுவிடுவார் என்றே நினைத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இகுட்சு?” என்று கேட்டார்.

அக்காவுக்குப் பத்துக்கு மேல் புரியாது என்று தெரிந்ததோ என்னவோ, அந்த அம்மாள் பத்து விரலையும் இரண்டு தடவை விரித்துக் காட்டினார். இருபது.

அக்கா போட்டோவைத் திருப்பிக் கொடுத்தார். “ஒதோசான்” என்றார். அப்பா. தூரத்துக் கடல் பக்கம் கை காட்டினார். பிறகு தானும் விரல்களை விரித்தார், மூன்று தடவை. முப்பது. அந்த அம்மாள் அக்காவின் விரித்த கைகளை அப்படியே பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். ஜீப் கிளம்பத் தயாரான பிறகும் விடவில்லை.

அவர்கள் போனபிறகு அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

“இன்னிக்குத்தான் தோணுது,” என்றார். “அப்பாவவிட நான் பெரியவளாயிட்டேன்.”