இரண்டு கிராணிகளுக்கு ஒரு மேசை

ஆற்றின் இக்கரையில் எங்கள் கம்பெனியின் சரக்குக் கிட்டங்கி. அக்கரையில் இன்னொரு கம்பெனியுடையது. படகில் வந்திறங்கும் ரங்கூன் அரிசி மூட்டைகளைச் சரிபார்த்துக் கணக்கெழுதும் கிராணி நான். ஒரு திங்கட்கிழமை காலை எங்களை வரிசையாக நிற்கவைத்து, இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகிவிட்டன என்று துரை மலாய் மொழியில் சொன்னார்.

அக்கரைக் கிட்டங்கியை மூடி, அங்கிருந்த கூலிகளை எங்களிடம் அனுப்பினார்கள். எல்லோருடைய பித்தளை வில்லையையும் வாங்கிக்கொண்டு புது எண் கொடுத்தார்கள். மதியச் சோற்றுக்கு அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். முன்பு ஏலேலோ போட்டு மூட்டை தூக்கியவர்கள் வாயே திறக்காமல் தூக்கினார்கள்.

அவர்களுடைய கிராணியும் வந்தார். நாகூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் முறை வைத்து, அவர் ஊர் வழக்கப்படி நான் அவரை நானா என்று அழைத்தேன். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் செய்யும் வேலையை இருவர் செய்தோம். தன் வீட்டுக் கருவாட்டுக் குழம்பில் எனக்கும் பங்கு வைப்பார்.

நான்காம் மாதம் துரை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும், இருவரில் யார் கெட்டிக்காரர் என்று கேட்டார். நானாவுக்கு மலாயோடு சீனப் படகுக்காரர்களின் பேச்சும் தெரியும். எனக்குத் தெரியாது.

“நான்தான், துரை” என்றேன்.

துரை தலையசைத்தார். “அவனும் உன்னைத்தான் சொன்னான்” என்றார்.

மேசைக்குத் திரும்பினேன். நானா நிமிர்ந்து பார்த்து, “என்ன தம்பி, முடிஞ்சுதா?” என்றார். முடிந்தது என்றேன். சனிக்கிழமையோடு அவரை நிறுத்திவிட்டார்கள். குடையை எடுத்துக்கொண்டு, கூலிகள் ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகையும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. மூன்று படகுகள் காத்திருந்தன; மாலைவரை அவற்றின் மூட்டைகளைச் சரிபார்த்தேன்.

சில மாதம் கழித்துச் சிராங்கூன் ரோட்டில், மாட்டுக் கொட்டகைகளைத் தாண்டி ஒரு துணிக்கடை வாசலில் அவரைக் கண்டேன். அங்கேதான் வேலையாம். ஒரு கோப்பித்தண்ணி வாங்கிக் கொடுத்தார்.

“உங்களுக்குப் பிள்ளை பிறந்த நேரம் அது. அதான் துரைகிட்ட உங்களைச் சொன்னேன்” என்றார்.

நான் துரையிடம் என்ன சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கோப்பி சூடாக இருந்தது, குடித்துவிட்டு வந்தேன். அந்த மேசையில் இன்னும் பதினொரு வருடம் வேலை பார்த்தேன்.