இரண்டு போலே

ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில், கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டாகக் கட்டித் தரும் ஒரு தொழிற்சாலையில் நான் லைன் லீடர். நீளமான மேசையில் பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வயர்களை நிறம் பார்த்து ஓட்டைகளில் செருகி, மேலே டேப் சுற்றுவார்கள். அவர்களுக்குப் பொறுப்பு நான். பதவி தற்காலிகமாகக் கிடைத்ததும் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். குழுவை நடத்துவது எப்படி என்று கலர் கலராகப் படங்கள் காட்டினார்கள், சாப்பாடு நன்றாக இருந்தது. எதையும் மாற்றுவதற்கு முன்னால் குழுவைக் கேளுங்கள் என்று சொன்னது மட்டும் என் தலையில் நின்றது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வேலை நேரத்தில் பேசினால் அறவே பிடிக்காது. எங்கள் மேசையின் கடைசியில் இரண்டு பேர் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஆயர் ஈத்தாமிலிருந்து வரும் அக்கா. அறுபதைத் தாண்டியவர், ஆண்டுக்கு ஒருமுறை காண்ட்ராக்ட் புதுப்பித்தால்தான் வேலை. வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். வீடு அக்காவின் சம்பளத்தில்தான் ஓடியது. இன்னொருவர் மலாய்க்காரப் பெண். அவரை காக் என்று கூப்பிடுவோம். அதற்கும் அக்கா என்றுதான் அர்த்தம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேர் வாயும் அசைந்தபடியே இருக்கும். இவ்வளவு என்னதான் கதை என்று எனக்கு எரிச்சலாக வரும்.

இருவரையும் பிரிக்க முடிவு செய்தேன். வகுப்பில் சொன்னபடி முதலில் கேட்டேன்.

"எல்லாருக்கும் எடம் மாத்தப் போறேன். இனிமே அவங்கவங்க எடத்துலதான் உக்காரணும். போலேயா?"

"போலே லா," என்றார்கள் பத்துப் பேரும்.

மலாயில் போலே என்றால் முடியும்; லா என்பது பேச்சை லேசாக்கச் சேர்ப்பது. இங்கே பிறந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. காக்கின் இடத்தை மேசையின் முதலுக்கு மாற்றினேன். பேச்சு நின்றது. கேட்டு நடத்துகிற தலைவி என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

இரண்டாவது வாரத்திலிருந்து அக்காவின் இடத்திலிருந்து போன கட்டுகள் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் ஒரே தப்பு. சிவப்பு வயர் போக வேண்டிய ஓட்டையில் பழுப்பு, பழுப்புக்கு உரியதில் சிவப்பு. ஒரு புதன்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு பாரத்தை நீட்டினார். அந்த அம்மாவின் காண்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டாம், வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடு என்றார்.

நேராக அக்காவிடம் போனேன். எல்லார் முன்னாலும்தான் கேட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"ஏங்க்கா, நான் கேட்டப்போ போலேன்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேம்மா."

"அப்புறம் ஏன் இப்படி?"

அக்கா கையிலிருந்த டேப்பின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை நான் சிம்பாங் ரெங்கத்தில் தொழிற்சாலை பஸ் ஏறியபோது, எனக்கு இடம் பிடிக்கப் பக்கத்து சீட்டில் எப்போதும் வைக்கும் பையை அக்கா தன் மடியில் வைத்திருந்தார். அந்த சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று மத்தியானம் கேன்டீனில் காக் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். சாப்பாட்டைத் தொடாமல் மலாயில் நிதானமாகச் சொன்னார். அக்காவுக்கு ஒரு வருடமாகப் பழுப்பும் சிவப்பும் ஒன்றாகத்தான் தெரிகிறதாம். சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். அதனால் காக் அந்த இரண்டு வயர்களையும் கையில் எடுத்து, மேரா, சொக்லாட், மேரா, சொக்லாட் என்று சொல்லிச் சொல்லிக் கொடுப்பார், அக்காவும் திருப்பிச் சொல்லிச் செருகுவார். காக்குக்கு டேப் சுற்ற வராது. அதை அக்கா சுற்றிக் கொடுப்பார். மேரா என்றால் சிவப்பு, சொக்லாட் என்றால் பழுப்பு. நான் தூரத்திலிருந்து பார்த்த கதை இதுதான்.

"இதை ஏன் முதல்லயே சொல்லல?" என்று மலாயில் கேட்டேன்.

போலேயா என்று கேட்டால் வேறு என்ன சொல்வது என்றார் காக்.

என்னால் சாப்பிட முடியவில்லை. தமிழிலும் ஒரு போலே இருக்கிறது. சிரிப்பது போலே, சம்மதிப்பது போலே. நான் மலாய் போலேயைக் கேட்டேன், அவர்கள் தமிழ் போலேயைச் சொல்லியிருந்தார்கள். காக் உட்பட. கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் உத்தரவு போட்டிருக்கிறேன். எனக்கு முன்னாலேயே அந்த மேசையைச் சரியாக நடத்திக்கொண்டிருந்த இரண்டு பேரை நானே பிரித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பாரத்தில் கையெழுத்துப் போடாமல் மேனேஜரிடம் கொடுத்தேன். அக்காவுக்கு நிறம் பார்க்கும் வேலை வேண்டாம், முழுக்க டேப் வேலை கொடுக்கலாம். அவர் சுற்றிய டேப்புக்காக ஒரு கட்டுகூடத் திரும்பியதில்லை. இடம் மாற்றியது என் தப்பு என்றேன். மேனேஜர் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, அப்படியானால் இந்த ரிஜெக்ட் எல்லாம் உன் பெயரில் போகும், உன் பதவியை உறுதி செய்வதும் தள்ளிப்போகும், போலே? என்று கேட்டார்.

அந்தப் பதவிக்காக நான் ஒன்பது வருடம் காத்திருந்தேன்.

"போலே," என்றேன். லா சேர்க்கவில்லை.

காண்ட்ராக்ட் அடுத்த வாரமே வந்தது. அக்கா கையெழுத்துப் போட்ட மறுநாள் காலை, லைன் ஓடுவதற்கு முன்னால் எல்லாரையும் நிற்க வைத்து, யாருக்கு என்ன தக் போலே என்று கேட்டேன். தக் போலே என்றால் முடியாது. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"சரி, நான் மொதல்ல சொல்றேன். எனக்குக் கோபத்த அடக்கத் தக் போலே. அன்னிக்கு அக்காவ எல்லார் முன்னாடியும் பேசுனது தப்பு."

அடுத்து காக், தனக்கு டேப் சுற்ற வராது என்றார். யாரோ சிரித்தார்கள். அக்கா கையைப் புடவையில் துடைப்பது போல யூனிபார்மில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் மற்ற ஒன்பது பேரையும் பார்த்துச் சொன்னார்.

"எனக்குச் செவப்பு எது, பழுப்பு எதுன்னு தெரியல."

"தெரியும்க்கா," என்றாள் நடு மேசைப் பெண். "எங்க எல்லாருக்கும் தெரியும்."

தெரியாமல் இருந்தது நான் ஒருத்திதான்.