குளிர்த்தியன்று எங்கள் பசுவுக்கு அம்மன் காட்டிய வழி

போன வைகாசியில் எங்கள் பசு கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தது. தீனைத் தொடவில்லை. கண் மஞ்சளித்து நீர் வழிந்தது. முதுகுத் தோல் வெடித்து உரிந்தது. கன்று மடியை முட்டிப் பார்த்துவிட்டுப் பாலில்லாமல் கத்தியது.

அது என் கணவர் விட்டுப்போன கடைசி மாடு. அவர் இருந்த காலத்தில் எங்களிடம் ஒரு மாட்டுப் பட்டியே இருந்தது. பின்னேரங்களில் மாடுகள் வாவிக்கரையோரமாக வரும். அவர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் வருவார். மாடுகளின் பேரை வேண்டுமென்றே மாற்றிச் சொல்லி அவளைக் கோபப்படுத்துவார். அந்தச் சண்டைச் சத்தம் கேட்டால்தான் நான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவேன்.

அவர் கண்மூடியபின் மற்றவற்றை விற்றோம். இந்தக் கறுப்பு வெள்ளைப் பசுவை மட்டும் மகள் விடவில்லை. இதுவும் போனால் பிள்ளை உடைந்துவிடுவாள் என்று பயந்தேன்.

சித்திரையில் வயல் வட்டையில் நெல் விதைத்ததும் ஊர் மாடுகளைத் தூரத்து மேய்ச்சல் தரைக்கு ஓட்டிப் போனார்கள். எங்களுக்கு ஓட்ட ஆளில்லை. பசுவை வாவிக்கரைப் புதர்ப் பற்றைக்குள் கட்டினேன்.

தோல் உரிவதைப் பார்த்த அயலவர்கள், அம்மாள் வந்திருக்கிறா என்றார்கள். அம்மாள் என்கிற அம்மை நோய் வந்தால் எங்கள் பக்கத்தில் மருந்து கொடுப்பதில்லை. நானும் வேப்பிலை கட்டி, மஞ்சள் நீர் தெளித்து, முற்றத்து வெயிலில் நிறுத்தினேன். பசுவின் நோய் கூடியது.

எங்கள் கண்ணகி அம்மன் கோயில் ஆண்டுக்கொருமுறைதான் கதவு திறக்கும். அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கன்று மகளோடு போனேன். "தாயே, இந்தப் பிள்ளைக்கு இன்னொரு சாவைக் காட்டாதே." வேறொன்றும் கேட்க வரவில்லை.

பூசை செய்யும் கட்டாடியாரிடம், பசுவுக்கு அம்மாள், குளிர்த்தித் தண்ணீர் வேண்டும் என்றேன். எங்கே புண் என்று கேட்டார். மகள் முந்திக்கொண்டு, வெள்ளைத் தோலில் மட்டும்தான், கறுப்பில் ஒன்றுமில்லை என்றாள்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அம்மாள் கறுப்பு வெள்ளை பார்த்து வாறல்ல புள்ள. படிச்ச நீயுமா இப்பிடி? தண்ணியக் கொண்டு போ. போற வழியில மாட்டு டொக்டரயும் கூட்டிக்கொண்டு போ."

நான் கேட்டது அம்மனிடம். பதில் அவள் வாசலிலேயே வந்தது.

டொக்டர் பசுவின் கண்ணையும் வாயையும் பார்த்துவிட்டு, எங்கே கட்டினீர்கள் என்று கேட்டார். பற்றைக்குள் போய் ஒரு கொப்பை முறித்து வந்தார். நாயுண்ணி. வேலியெல்லாம் பூக்கிற அதே செடி. பசியில் அதைத் தின்றிருக்கிறது. நஞ்சு ஈரலைத் தாக்கினால் வெள்ளைத் தோல் வெயில் தாங்காதாம்.

"முதல்ல மாட்ட வெயிலால நிழலுக்கு எடுங்க" என்றார். கரித்தூளைத் தண்ணீரில் கரைத்துப் பருக்கினார். ஊசி போட்டார். பிழைக்கும் என்று மட்டும் சொல்லவில்லை.

கொட்டிலைச் சுற்றிச் சாக்குக் கட்டி இருட்டாக்கினோம். மகள் புல்லை அதன் வாயருகே பிடித்தபடியே இருந்தாள். அவளும் சாப்பிடவில்லை. நான் அம்மனைக் கும்பிடுவதை விடவில்லை. ஒரு நாள் காலை மகள் கொட்டிலுக்குள்ளிருந்து மெல்லச் சொன்னாள், "அம்மா, திங்கிறாள்." நான் நிலத்தில் குந்தி அழுதேன்.

இப்போது புதுத் தோல் மூடிவிட்டது. கன்று பால் குடிக்கிறது. கும்பிடாமல் நான் வாசல் தாண்டுவதில்லை. மாட்டைக் கட்டுமுன் பற்றையைப் பார்க்காமலும் விடுவதில்லை.

கஷ்டத்தில் இருக்கும் அடியார்களே, அம்மனிடம் போய் வாய்விட்டுக் கேளுங்கள். நான் தண்ணீர் கேட்டுப் போனேன், அவள் டொக்டரிடம் அனுப்பினாள். உங்களை எங்கே அனுப்புகிறாளோ, தயங்காமல் போங்கள்.