ஒரு ஜாண் இடது பக்கம்

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு நான் பொறுப்பாளர் ஆனதற்கு ஒரே தகுதி என் உயரம். வணிகவியல் நடத்துகிற எனக்கு அந்த விளையாட்டில் தெரிந்ததெல்லாம், பந்து வளையத்துக்குள் விழுந்தால் கைதட்ட வேண்டும் என்பதுதான். உடற்கல்வி இயக்குநர் வேலையை விட்டுப் போன மறுநாள் தாளாளர் ஆசிரியர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். உட்கார்ந்திருந்த தலைகளில் என் தலைதான் மேலே தெரிந்தது. நேர்முகத் தேர்வு அத்துடன் முடிந்தது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதற்றம் வந்தால் விக்கல் வரும். சாதாரண விக்கல் இல்லை, பக்கத்து வகுப்பில் பாடத்தை நிறுத்துகிற விக்கல். என் கல்யாணத்தில் தாலி கட்டும்போது வந்த விக்கலைக் கெட்டிமேளம் மறைத்துவிட்டது. கூடைப்பந்து ஆட்டத்துக்கு யாரும் மேளம் வைப்பதில்லை.

நான் பொறுப்பேற்ற இரண்டாம் வருடம், பருவம் தொடங்கிய வாரம் தாளாளர் கோர்ட்டுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் கல்லூரிப் பேருந்தின் ஓட்டுநர், கையில் அளவு நாடாவுடன்.

"தம்பிகளா, வருஷா வருஷம் மதுரைக்குப் போறீக. மொத ஆட்டத்துலயே தோத்துட்டு, புரோட்டா தின்னுட்டு வாரீக. இந்த வருஷமும் அப்படித்தான்னா இங்கன பஸ் ஷெட்டு வந்துரும். ஒரு ஆட்டம் ஜெயிங்க. ஒண்ணே ஒண்ணு. கோர்ட்டு உங்களுது."

ஓட்டுநர் நாடாவை விரித்துப் பார்த்து, "ரெண்டு வண்டி தாராளமா நிக்கும் சார்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

எனக்கு விக்கல் தொடங்கியது. பையன்கள் பழக்கப்பட்டவர்கள், ஒருவன் தண்ணீர் போத்தலை நீட்டினான்.

கோர்ட் என்று சொல்கிறேனே தவிர, வெளியாள் பார்த்தால் சிரிப்பார். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில், கடலின் இரைச்சல் கேட்கிற தூரத்தில் ஒரு சிமெண்டுத் தரை. சுற்றிலும் கருவேல முள். ஒரு முனை வளையத்தை உப்புக்காற்று தின்று தீர்த்துவிட்டது. மறுமுனை வளையம் மட்டும் உயிரோடு இருந்தது. விளையாட்டெல்லாம் அந்த ஒரு வளையத்தில்தான். பையன்களுக்கு வேறு இடமும் இல்லை.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு கேப்டன் மட்டும் விளக்குமாறை எடுத்துக் கோர்ட்டில் படிந்த மணலைக் கூட்டிக்கொண்டிருந்தான். பாம்பன் பையன், கடைசி வருடம். அப்பா கடலுக்குப் போகிறவர்.

"விடுடா, ஷெட்டு கட்டப்போற இடத்தைப் போய்க் கூட்டிக்கிட்டு" என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"எனக்கு இது கடேசி வருஷம் சார். நான் போறப்ப இங்கன பஸ்ஸு நின்னா, மூணு வருஷம் நான் என்னத்த வெளாண்டேன்?"

நான் மூலையில் கிடந்த இன்னொரு விளக்குமாறை எடுத்தேன்.

அவன் விளக்குமாறில் சாய்ந்து நின்றான். "சார், போன வருஷம் தோத்துட்டு புரோட்டாக் கடையில கை கழுவுனோமே, அங்கன ஜெயிச்ச டீம்காரன் ஒருத்தன் என்ன சொன்னான், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. 'ஏண்ணே, உங்க ஊர்ல வளையம் அங்குட்டுத் தள்ளியா இருக்கு? எல்லாப் பந்தையும் ஒரே பக்கமா விடுறீங்க?' என்று கேட்டுவிட்டு அவன் கூட்டாளிகளோடு சிரித்துக்கொண்டே போனான். நாங்கள் தோற்றதற்கு என் விக்கல்தான் காரணம் என்று நானும் அணியும் ஒருமனதாக நம்பியிருந்த நேரம் அது. அதனால் அந்தக் கிண்டலை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அவன் நக்கல் பண்ணல சார். நம்ம கோளாறக் கண்டுபிடிச்சுச் சொல்லிட்டுப் போயிருக்கான்."

சொல்லிவிட்டு, காலடியில் கிடந்த பந்தை எடுத்து நின்ற இடத்திலிருந்தே எறிந்தான். பந்து வளையத்துக்கு இடது பக்கம் ஒரு ஜாண் தள்ளிக் கிளம்பியது. பாதி வழியில், மேற்கே இருந்து வீசுகிற கச்சான் காற்று அதைத் தோளைத் தொட்டுத் திருப்புகிற மாதிரி வலப்பக்கம் திருப்பி, வளையத்துக்குள் இறக்கியது.

எங்கள் கோர்ட்டில் புதுப் பையன் சேர்ந்தால் முதல் பாடமே அதுதான். 'வளையத்தப் பாக்காத. ஒரு ஜாண் இடது பக்கம் பாரு. மிச்சத்தக் காத்து பாத்துக்கிரும்.' அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் கைகள் வளர்ந்திருந்தன. உள்ளூர் ஆட்டங்களில் வெளியூர்க்காரர்கள் குழம்பித் தோற்பதைப் பார்த்து, எங்களை நாங்களே பெரிய ஆட்டக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டோம். மதுரையில் ஆட்டம் நடப்பதோ நான்கு பக்கமும் சுவர் வைத்த உள் அரங்கில். அங்கே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை.

"அப்ப காத்து இல்லாத எடத்துல பழகணும்" என்றான் கேப்டன்.

ஆடி மாதத்தில், எங்கள் கடற்கரையில், காற்று இல்லாத இடம். பாலைவனத்தில் படகுத்துறை தேடுகிற வேலை. விடியற்காலையில் பார்த்தோம்; எங்களுக்கு முன்னால் காற்று வந்து நின்றது. புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் பார்த்தோம். கூரை தாழ்வு, பந்து மேலே இடித்துவிட்டு நேரே என் தலைக்கு வந்தது. உயரத்தின் இன்னொரு பலன்.

கடைசியில் பெரியபட்டினத்துப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "எங்க மாமாதான் சார் எங்கூர்க் கல்யாண மண்டபத்தப் பாத்துக்கிர்றாரு. இப்பச் சும்மாதான் கெடக்கு."

அந்த வருடம் ஆடியும் முஹர்ரமும் கைகோத்து வந்திருந்தன. இரு தரப்பிலும் கல்யாணம் இல்லை. மண்டபம் பூட்டிக் கிடந்தது. மாமா சாவியைக் கொடுக்கும் முன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், மேல தொங்குது பாருங்க கண்ணாடி வெளக்கு, அது துபாய்லருந்து வந்தது. அதுல பந்து பட்டுச்சு, நீங்கதான் ஜவாப்பு."

விக்கல்.

மாடி வராந்தாக் கம்பியில் பலகையையும் வளையத்தையும் கட்டினோம். எதிர் மேடையில் மாப்பிள்ளை, பெண் உட்காருகிற சிவப்பு சோபா இருந்தது. பந்து விழாத ஒரே இடம் அதுதான் என்று என்னை அதில் உட்கார வைத்தார்கள். என் கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு சோபாவில் அப்போதுதான் உட்கார்ந்தேன். இரண்டு முறையும் பயம் ஒரே அளவு.

ஜன்னல்களைச் சாத்தினார்கள். மாமா வந்து பார்த்துவிட்டு, "ஏன் தம்பி இருட்டுல வேகுறீக? கரண்டு இருக்கே, ஃபேனப் போடவா?" என்றார்.

"வேணாம் மாமா! காத்தே வேணாம்!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

மாமா என்னிடம் குனிந்து, "புள்ளைகளுக்கு என்ன சார் ஆச்சு? நம்ம கரையில காத்து வேணாம்னு சொன்ன மொத ஆளுக இவுகதான்" என்றார்.

முதல் நாள் ஒரு பந்துகூட விழவில்லை. எல்லாம் வளையத்துக்கு இடது பக்கம் ஒரு ஜாண் தள்ளி, அளந்து வைத்த மாதிரிப் போய் மோதின. மிக மோசம் எங்கள் நெட்டையன். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற வீட்டுப் பையன். என்னை விட உயரம், என்னை விட வெள்ளந்தி. "கை சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குது சார்" என்று கையைப் பார்த்தே முறைத்தான்.

கேப்டன் ஒரே ஒரு சட்டம் போட்டான். "ஏலே, இனிமே வெளிய எவனும் பந்தத் தொடக் கூடாது. கடக்கரையில காகிதத்தக்கூட எறியக் கூடாது. வளையத்துக்குக் கீழருந்து ஆரம்பி. எல்லாரும் நேராப் போட்டாத்தான் ஒரு அடி பின்னால."

அப்படித்தான் பின்னால் நகர்ந்தார்கள், ஒரு அடி, இன்னொரு அடி. நெட்டையன் தவறினால் மொத்தக் கூட்டமும் மறுபடி வளையத்துக்குக் கீழே போகும். யாரும் அவனைத் திட்டவில்லை. சட்டையைப் பிழிந்துவிட்டு மறுபடி போட்டார்கள். தரையில் வியர்வை வழுக்கி விழுந்தார்கள், எழுந்து போட்டார்கள். பெரியபட்டினத்துப் பையன் வீட்டிலிருந்து, அவன் வாப்பா சவூதியிலிருந்து அனுப்பிய பேரீச்சம்பழம் டப்பா டப்பாவாக வந்தது. அதற்குக் காவல் நான். பந்து கண்ணாடி விளக்குப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு விக்கல், ஒரு பழம். அந்த ஆடியில் அணி இளைத்தது, நான் பெருத்தேன்.

மதுரை அரங்கில் ஆட்டம் தொடங்கியது. கேப்டன் எறிந்த முதல் பந்து, இடது பக்கம் ஒரு ஜாண். அடுத்தவன் எறிந்தது, இடது பக்கம். கூட்டத்தைப் பார்த்த பயத்தில் கைகள் பழைய ஊருக்கே திரும்பிவிட்டன. எதிரணி விறுவிறுவென்று முன்னால் போனது. எனக்குக் கண்ணில் கோர்ட் தெரியவில்லை. இரண்டு பேருந்துகள் தெரிந்தன, ஒன்றின் ஜன்னலில் ஓட்டுநர் கையசைத்தார்.

மேசைக்கு ஓடி டைம் அவுட் கேட்டேன். பையன்கள் சுற்றி நின்றார்கள். வீரமாக நாலு வார்த்தை பேச நினைத்து வாயைத் திறந்தேன்.

"தம்பிகளா, நாம... விக்! இத்தனை நாளு... விக்!"

கேப்டன் என் தோளில் கை வைத்து உட்கார வைத்தான். பிறகு அவர்களிடம் திரும்பினான்.

"சார் என்ன சொல்றாருன்னா, இது பெரியபட்டினம் மண்டபம். சார் மாப்பிள்ள சோபாவுல உக்காந்துருக்காரு. சன்னலச் சாத்தியாச்சு. ஃபேன் ஆஃப். மொதல்ல வளையத்துக்குக் கீழருந்து போடு. அப்பறம் ஒரு அடி பின்னால."

பையன்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். தூரத்திலிருந்து யாரும் எறியவில்லை. முட்டி மோதி வளையத்துக்கு அடியில் போய்ப் போட்டார்கள். கீழே தள்ளினால் எழுந்து மறுபடி உள்ளேயே போனார்கள். கை நேரானதும் ஓர் அடி பின்னால் வந்து போட்டார்கள். விழுந்தது. இன்னும் ஓர் அடி. அதுவும் விழுந்தது. எட்ட முடியாது என்று நான் முடிவு கட்டியிருந்த எதிரணியைக் கடைசி நிமிடத்தில் எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

இரண்டு பக்கமும் புள்ளிகள் சமமாக இருந்தபோது நெட்டையனை எதிரணிக்காரன் தள்ளிவிட்டான். எங்களுக்கு இரண்டு தனி எறிதல். மற்றவர்களில் யாருக்காவது கிடைத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

முதல் பந்து, ஒரு ஜாண் இடது பக்கம்.

இரண்டாவதுக்கு அரங்கமே மூச்சை அடக்கியது. அந்த அமைதியில், நடுவர் பந்தைக் கொடுத்த அதே நொடியில், என் விக்கல் நான்கு சுவரிலும் மோதி எதிரொலித்தது. எதிரணிக் கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. நெட்டையன் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான். மண்டபத்தில் ஆடி முழுக்கக் கேட்ட சத்தம். அவன் தோளின் விறைப்பு இறங்கியது. உதடு அசைந்தது, 'ஃபேன் ஆஃப்' என்றுதான் இருக்கும். பந்து வளையத்தின் விளிம்பைக்கூடத் தொடாமல் உள்ளே இறங்கியது.

எதிரணி கடைசியாக எறிந்த பந்து பலகையில் பட்டுத் திரும்பியது. கேப்டன் அதைப் பாய்ந்து பிடித்து, துள்ளுகிற சீலா மீனை அணைக்கிற மாதிரி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மணி அடிக்கும் வரை தரையில் சுருண்டு கிடந்தான்.

மறுநாள் இரண்டாம் சுற்றில் எங்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். நாங்கள் எப்போதும்போல் புரோட்டா தின்றோம். தாளாளர் சொன்ன சொல் தவறவில்லை. பேருந்து வெயிலிலேயே நின்றது. "சீட்டுல பணியாரம் ஊத்தலாம் சார், எல்லாம் உங்க புண்ணியம்" என்று ஓட்டுநர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார்.

ஊர் திரும்பிய மறுநாள் சாயங்காலம் எல்லோரும் எங்கள் கோர்ட்டில் கூடினோம். வெற்றியைக் கொண்டாட முதல் பந்தை நெட்டையன் எறிய வேண்டும் என்றார்கள். அவன் நின்றான், வளையத்தைப் பார்த்தான், நேராக, அழகாக எறிந்தான். கச்சான் அதை அள்ளி வலது பக்கம் முள்ளுக்குள் போட்டது. அடுத்தவன் எறிந்தான், அதுவும் முள். கேப்டன் எறிந்தான், முள்.

பிறகு கேப்டன் முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பந்துகளை எடுத்து வந்தான். கையெல்லாம் கீறல்.

"சரி. ஒரு ஜாண் இடது பக்கம், வளையத்துக்குக் கீழருந்து ஆரம்பி. ஆனா நேராப் போடுறதையும் மறக்கக் கூடாது. அடுத்த மாசம் மதுரையில இன்னொரு போட்டி இருக்கு. காலையில இங்கன, சாயங்காலம் மண்டபம்."

"ஆவணி பொறந்துருச்சே. மண்டபம் பூராக் கல்யாணம்" என்றான் பெரியபட்டினத்துப் பையன்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு மணி நேரம் குடுப்பாரான்னு மாமாட்டக் கேளு. சாரு வழக்கம்போல சோபாவுல ஒரு ஓரமா உக்காந்துக்கிருவாரு. மாப்பிள்ள கொஞ்சம் தள்ளி உக்காரட்டும்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் தண்ணீர் போத்தலின் மூடியைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டான்.