பேனலுக்கு வைத்த பொட்டு

வெயிலில் சூடேறிய கண்ணாடியின் மேல் குழைத்த சந்தனம் காயும்போது ஒரு வாசனை வரும். அது வந்தால் இன்றும் என் பத்து வயதுக்குப் போய்விடுவேன். மராத்தி பேசும் ஊரான தாபோடியில், குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த காலத்தில், ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அப்பா, விடுமுறை நாட்களில் நண்பர்கள் மூவரோடு மின்சாரம் எட்டாத மலைக் கிராமங்களுக்குப் போய்ச் சூரிய விளக்கு மாட்டிவிட்டு வருவார். அந்த வருடம் ஆயுத பூஜைக்கு, மறுநாள் கொண்டுபோக வேண்டிய சூரிய விளக்கின் பேனலையும் அம்மா சாமிக்கு முன்னால் சாத்தி வைத்து, "நீயே பொட்டு வை" என்றாள். பத்து வயது உற்சாகத்தில் நான் கண்ணாடி முழுக்கப் பட்டை பட்டையாகச் சந்தனம் அப்பி, வரிசையாகக் குங்குமமும் வைத்தேன். "பூஜையில வெச்சதைத் துடைக்கக் கூடாது, ஆகாது" என்பது அம்மாவின் கண்டிப்பு.

மறுநாள், தசரா அன்று, டெம்போவில் நானும் தொற்றிக்கொண்டேன். போன வீட்டில் ஒரு மாதக் குழந்தையோடு ஒரு "தாயி" இருந்தார். மராத்தியில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். விளக்குதான் வரப்போகிறதே என்று, "கந்தில்" என்று அவர்கள் சொல்லும், இருந்த ஒரே அரிக்கேன் விளக்கையும் அவர் நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டிருந்தார். தாழ்ந்த ஓட்டுக்கூரையில் பேனலை மாட்டி, கீழே வைத்த பேட்டரிப் பெட்டியோடு ஒயரை இணைத்தார்கள். பெட்டியில் எரிய வேண்டிய சிவப்புப் புள்ளி எரியவில்லை. அப்பா ஒயரைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். ஓர் இலையின் நிழல் விழுந்தாலே பேனல் சோம்பிவிடும் என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். என் சந்தனம்தான் வெயிலை மறைக்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது, சொல்லத்தான் வாய் வரவில்லை. துடைத்தால் அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ, துடைக்காவிட்டால் இன்று அது இருட்டில் கிடக்குமே என்று பயம் மாறி மாறிப் பிடுங்கியது. வெயில் மலைப்பக்கம் சரியத் தொடங்கியதும் அழுதேவிட்டேன். தாயியிடம் ஓடி, கூரையைக் காட்டி, தெரிந்த மராத்தியில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் சிரித்தார். "அக வேடே!" அடி பைத்தியமே, குங்குமம் எங்கேயாவது வீணாகுமா என்றபடி ஒரு கல்லின் மேல் ஏறி, ஈர விரலால் பொட்டுகளைத் தொட்டெடுத்துத் தன் நெற்றியிலும், என் நெற்றியிலும், குழந்தையின் நெற்றியிலும் இட்டார். மிச்சத்தை முந்தானையால் துடைத்தார். பெட்டியில் சிவப்புப் புள்ளி எரிந்தது.

இப்போது அந்த மலைக்கு மின்கம்பியே போய்விட்டது. கந்திலும் இல்லை, அப்பாவின் கோஷ்டியும் இல்லை. சாங்வியில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் மாடி முழுக்கப் பேனல்கள். ஆயுத பூஜைக்கு அவற்றின் விளிம்பில் மட்டும் பொட்டு வைக்கிறேன். போன வருடம் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அப்பா மெல்லச் சொன்னார்:

"எனக்கும் அன்னிக்கே தெரியும்மா. உங்கம்மா கும்பிட்டு வெச்சதைத் துடைக்க எனக்கும் கை வரல. அதான் சும்மா ஒயரையே நோண்டிக்கிட்டு இருந்தேன்."

இத்தனை வருடமாக, அன்று பயந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.