பெயிண்ட் ரூமில் சத்தமே இல்லை

மாலதி பேசினால் பக்கத்துத் தெருவுக்கும் சேர்த்துத்தான் பேசுவாள். வேடசந்தூர் நூல் மில்லில் பதினைந்து வருடமாக மிஷின்களுக்கு நடுவில் நிற்பவள் வேறு எப்படிப் பேசுவாள்? ஷிப்டு முடிந்து மில் பஸ்ஸில் ஏறினாலும் அந்தப் பெண்கள் கத்தித்தான் குசலம் விசாரித்துக்கொள்வார்கள். டிரைவர்தான் பாவம்.

மில்லில் கொடுத்த காதடைப்பானை அவள் ஒருநாளும் கழற்றியதில்லை. காது போய்விடுமோ என்ற பயம் அவளை விட்டதே இல்லை. அதனால்தான் தங்கை சுகன்யா பிளஸ் டூ முடித்து வேலைக்குக் கிளம்பியபோது, மில் பக்கமே போகவிடவில்லை. “நான் கத்துறது போதும்டி. நீயாச்சும் மெதுவாப் பேசிக்கிட்டு நல்லாயிரு” என்று சொல்லி, திண்டுக்கல்லில் தன் கணவன் கமலக்கண்ணன் வேலை பார்க்கும் பீரோ பட்டறையில் சேர்த்துவிட்டாள். அதில் அவளுக்குப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

பட்டறையின் முன்பக்கம் தகரம் தட்டுவார்கள். பின்பக்கம் பெயிண்ட் ரூம். சுகன்யா பெயிண்ட் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்துத் தகரத்தில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துக் கொடுப்பாள், கமலக்கண்ணன் பெயிண்ட் அடிப்பான். அவன் கை பட்ட பீரோவில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அந்தப் பளபளப்புக்கு அவன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். தரையில் தண்ணீர் தெளிப்பான், கதவைச் சாத்துவான், ஃபேனையும் நிறுத்திவிடுவான். ஈரப் பெயிண்டில் ஒரு தூசி உட்கார்ந்தாலும் வேலை கெட்டது. முடிந்ததும் கையைத் தின்னரிலேயே கழுவுவான். தெருமுனையில் அவன் திரும்பும்போதே வாடை வீட்டுக்குள் வந்துவிடும்.

அவனிடம் ஒரே குறை, கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஒரு கேள்வியை மூன்று தரம் கேட்டால்தான் பதில். கல்யாணமாகிப் பத்து வருஷமான ஆம்பளைக்கு வேறென்ன வியாதி என்று மாலதியும் திட்டிவிட்டுப் போய்விடுவாள்.

போன ஆடியில் மில்லில் எல்லாருக்கும் காது பரிசோதித்தார்கள். மாலதிக்குக் கொஞ்சம் குறைவதாகச் சொன்னதும் அவள் அரண்டுபோய், கணவனைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லில் ஒரு காது பரிசோதனை நிலையத்துக்கு வந்தாள். சோதித்த பெண் ஆரிபா, “பயப்பட வேணாம்க்கா, லேசாத்தான் கொறஞ்சிருக்கு. காதடைப்பான மட்டும் விட்டுறாதீங்க” என்றாள்.

மாலதிக்கு உயிர் வந்தது, கூடவே வாயும் வந்தது. “எங்க வீட்டுக்காரரையும் பாருங்களேன். கூப்பிட்டா கல்லு மாதிரி உக்காந்திருக்காரு.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவனும் சிரித்துக்கொண்டேதான் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தான். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். அவன் விரல் பட்டன் மேலேயே இருந்தது, அமுங்கவே இல்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று மாலதி நினைத்தாள். திரும்பிப் பார்த்தால் ஆரிபா சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாள்.

“அண்ணனுக்கு என்ன வேலை? பட்டறையில தகரம் தட்டுறாரா?” என்று கேட்டாள் ஆரிபா.

“இல்லீங்க. பெயிண்ட் ரூம்ல. அங்க சத்தமே கெடையாது.”

“தின்னர் பொழங்குறாரா?” ஆரிபாவின் முகம் மாறியது. “அந்தப் பொகைய நாள்பூரா மூச்சுல இழுத்தா, ரத்தத்துல கலந்து உள்காதையே கெடுத்துடும்க்கா. சத்தம் இருக்கணும்னு இல்ல. சத்தமும் சேந்தா இன்னும் மோசம். சில பேருக்கு மொதல்ல காதுக்குள்ள இரைச்சல் கேக்கும், அப்புறம்தான் மந்தமாகும். இவருக்குப் போனது திரும்ப வராது. இனிமே போகாமப் பாத்துக்கலாம்.”

மாலதிக்கு நம்பவே முடியவில்லை. இடி மாதிரி இரையும் மில்லில் நிற்கிறவளுக்குக் காது இருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக வேலை பார்த்தவனுக்குப் போய்விட்டதா? வாசனைக்குக் காதைத் தின்னத் தெரியுமா? இத்தனை வருஷம் அவனைத் திட்டித் தீர்த்ததெல்லாம் இப்போது அவளுக்கே உறைத்தது.

“மூக்குல துணி கட்டிக்கிட்டா ஆகாதா?”

“துணிக்கு அடங்காதுக்கா. பொகைய வெளிய இழுக்குற ஃபேன் ஓடணும், அதுக்குன்னே இருக்குற மாஸ்க் போடணும், கைக்குக் கிளவுஸ் வேணும். அந்த ரூம்ல வேற யாரும் இருக்காங்களா?”

மாலதிக்கு அப்போதுதான் சுகன்யாவின் நினைவு வந்தது. அவள் கையைப் பிடித்து அந்த அறைக்குள் விட்டது யார்? “என்னவாம்?” என்று கேட்ட கணவனுக்குப் பதில்கூடச் சொல்லாமல், “பட்டறைக்கு வண்டிய விடுங்க” என்று அவன் முகத்துக்கு நேராகக் கத்தினாள்.

பட்டறையில் சாப்பாட்டு நேரம். தட்டுகிற சத்தம் ஓய்ந்திருந்தது. மாலதி பெயிண்ட் ரூம் கதவை மெல்லத் திறந்தாள். உள்ளே சுகன்யா முதுகைக் காட்டிக்கொண்டு தகரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாலதி வாழ்நாளில் முதன்முறையாகக் குரலை அடக்கி, “சுகன்யா” என்றாள்.

அவள் சட்டென்று திரும்பினாள். “என்னக்கா, இந்நேரத்துல?”

மாலதி ஓடிப்போய் அவளை இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்து கட்டிக்கொண்டாள். சாமி காப்பாற்றியது என்று அழுகையும் சிரிப்புமாக வந்தது. இனி அந்த அறைக்குள் அவளை விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

“நீ வந்தது நல்லதாப் போச்சு” என்றாள் சுகன்யா. “உள்ள ஏதோ கிர்ருனு கேட்டுக்கிட்டே இருக்குக்கா. ஃபேன நிறுத்தியாச்சு, மோட்டார நிறுத்தியாச்சு, நிக்க மாட்டேங்குது. ராத்திரி வீட்டுக்கும் கூடவே வருது.”